ஒன்பது மணித் தொடர் பத்தரைக்குப் போனது ஏன்? நேரப்பட்டியல் தெரிந்தவர்கள் வரவும்

செந்தூல்_சந்து
இங்கே மலேசியாவில் புது உள்ளூர்த் தொடர் ஒன்று. திங்கள் முதல் வெள்ளி வரை, இரவு 9:00. மூன்றாவது வாரத்தில் சத்தமில்லாமல் 10:30-க்கு மாற்றிவிட்டார்கள். முகநூலில் ஒரே தீர்ப்பு: "கதை படுத்துடுச்சு, அதான் தூக்கிட்டாங்க." நேரம் மாறினாலே தோல்வி என்று அர்த்தமா? எந்த ஸ்டேஷன், எந்தத் தொடர் என்று யாரும் பெயர் போட வேண்டாம், சண்டையில்தான் முடியும். ஸ்லாட், அதாவது ஒளிபரப்பு நேரம், எப்படிப் போடுகிறார்கள், அதை மட்டும் பேசுவோம்.

ஸ்லாட்_மாஸ்டர்
நேரம் மாறினால் தோல்வி என்று எடுத்த எடுப்பில் சொல்ல முடியாது. முதலில் சென்னைக் கடிகாரத்தைப் பாருங்கள். நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். சென்னை அலைவரிசை இங்கே நேரடியாக வந்தால் கணக்கு இப்படி வரும்:

சென்னை 6:30 = இங்கே 9:00
சென்னை 7:00 = இங்கே 9:30
சென்னை 8:00 = இங்கே 10:30
சென்னை 9:30 = இங்கே நள்ளிரவு 12:00

9:00 மணிக்கு உள்ளூர்த் தொடர் எதிர்கொள்வது சென்னையின் ஆறரை மணித் தொடரை. அங்கே அது மாலை நேரம், ஆட்டம் அப்போதுதான் சூடு பிடிக்கிறது. 10:30-க்குத் தள்ளினால் மோதுவது எட்டு மணித் தொடரோடு. சென்னைக்காரர்கள் தங்கள் பலமான சரக்கை இறக்குகிற மணி அது. அதனால் இந்த மாற்றம் தொடருக்கு நல்லதில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பார்வையாளர் குறைந்ததால்தான் மாற்றினார்கள் என்பதற்கு அது சாட்சி ஆகாது. ஒன்பது மணி ஸ்லாட்டை வேறு எதற்கோ காலி செய்ய வேண்டியிருந்திருக்கலாம். ஸ்பான்சர் எடுத்த ரியாலிட்டி நிகழ்ச்சி, விழாக்கால வரிசை, ஒப்பந்தப்படி குறிப்பிட்ட தேதிக்குள் ஒளிபரப்பியே தீரவேண்டிய வாங்கிய தொடர் என்று எதுவாகவும் இருக்கலாம்.

அடுத்து, முன்னால் என்ன ஓடியது? எந்தப் புது நிகழ்ச்சிக்கும் முதல் இரண்டு வாரக் கூட்டத்தில் பாதி சொந்தக் கூட்டம் கிடையாது, முந்தின நிகழ்ச்சி விட்டுப்போன கூட்டம். 8:30-க்கு ஓடுவது வீட்டுப் பெண்கள் பார்க்கும் குடும்பத் தொடர், 9:00-க்கு வருவது போலீஸ் கதை என்றால் அந்தக் கூட்டம் எழுந்து அடுப்படிக்குப் போய்விடும். புதுசை எப்போதும் இரண்டு பலமான நிகழ்ச்சிகளுக்கு நடுவே தொட்டில் கட்டிய மாதிரி தொங்கவிடவேண்டும். முன்னது ஆளைக் கொண்டுவந்து விடும், பின்னதுக்காக ஆள் காத்திருக்கும். 10:30-க்குப் பின்னால் பழைய படம் ஓடுகிறது என்றால் தொட்டிலின் ஒரு பக்கக் கயிறு அறுந்த கதை.

மூன்றாவது விஷயத்தை யாரும் கவனிப்பதில்லை. நிகழ்ச்சி முடியும் நிமிடம். உங்கள் 8:30 நிகழ்ச்சி 9:00-க்குப் பதில் 9:03-க்கு முடிந்தால், எதிர் அலைவரிசைக்குப் போகிறவர் அங்கே முதல் காட்சியைத் தவறவிட்டிருப்பார், சரி இங்கேயே இருப்போம் என்று உட்காருவார். அதையே அவர்கள் செய்தால் அடி நமக்கு. அரை மணி ஸ்லாட்டில் கதை 22 நிமிடம், மிச்சம் விளம்பரமும் ப்ரோமோவும். அந்த 22-ஐ 7, 8, 7 என்று வெட்டுவார்களா, அல்லது முதல் துண்டை 10 நிமிடமாக நீட்டி ஆளைப் பிடித்து வைப்பார்களா என்பதில் தெரிந்துவிடும், பட்டியல் போடுகிறவருக்குத் தொழில் தெரியுமா தெரியாதா என்று.

ரிமோட்_ராணி
தொழில் தெரிந்தவர் எழுதினால் இப்படித்தான் இருக்கும். ஆனா அண்ணே, பத்தரைக்குப் போட்டா பள்ளிக்கூடப் பிள்ளை இருக்கிற வீட்டில் யார் பார்ப்பா? காலையில் ஆறு மணிக்கு எழுப்பணும்.

ஸ்லாட்_மாஸ்டர்
நியாயம்தான் அக்கா. அதனால்தான் பிள்ளைகளுக்குப் பரீட்சை நடக்கிற மாதத்திலும் பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்திலும் பத்து மணிக்கு மேல் புதுசு தொடங்கக்கூடாது. பள்ளி விடுமுறையில் அதே ஸ்லாட் உயிரோடு இருக்கும்.

தண்ணீர்மலை_அடிவாரம்
ரொம்ப நாள் சந்தேகம். சென்னையில் ஏழு மணிக்கு ஓடுகிற தொடரை இங்கேயும் ஏழு மணிக்கே போட்டால் என்ன? இரண்டரை மணி நேரம் தாமதப்படுத்தினால் போதாதா?

பிறை_பாலம்
தாமதப்படுத்தினால் இன்னும் தள்ளித்தான் போகும். நம் கடிகாரம் அவர்களுக்கு முன்னால் ஓடுகிறது. இங்கே ஏழு மணி அடிக்கும்போது சென்னையில் மாலை 4:30. அந்த எபிசோட் அங்கே இன்னும் ஒளிபரப்பாகவே இல்லை. அதே கடிகார நேரம் வேண்டுமென்றால் இரண்டே வழி.

ஒன்று, எபிசோட் கோப்பை முன்கூட்டியே அனுப்பி வைப்பது. தொடரைக் கடைசி நிமிடம் வரை எடிட் செய்கிற வழக்கம் உள்ள இடத்தில் இது எளிதில்லை. கதை முதலில் இங்கே கசிந்துவிடும் என்ற பயம் வேறு.

இன்னொன்று, 21 மணி 30 நிமிடத் தாமதம். திங்கள் 7:00 சென்னை எபிசோட் இங்கே செவ்வாய் 7:00. அதற்குள் முக்கியக் காட்சி வெட்டுத் துண்டுகளாக யூடியூபில் வந்து, குடும்ப வாட்சப் குழுவில் சுற்றி முடிந்திருக்கும். யார் யாரை அறைந்தது என்று தெரிந்த பிறகு செவ்வாய்க்கிழமை யார் உட்காருவார்?

ஒரு கொசுறு: 1982 ஜனவரி 1-இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி முன்னால் நகர்ந்தது. அதற்கு முன் சென்னைக்கும் நமக்கும் வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். அந்தப் பழைய நேரமே இன்றும் இருந்திருந்தால் சென்னையின் ஒன்பதரை மணித் தொடர் நமக்கு 11:30-க்கே முடியத் தொடங்கியிருக்கும்.

தண்ணீர்மலை_அடிவாரம்
முடியத் தொடங்காது, தொடங்கியிருக்கும் 😄

பிறை_பாலம்
ஆமாம். 11:30-க்குத் தொடங்கும். கை தவறியது.

ரிமோட்_ராணி
நள்ளிரவுத் தொடர் என்றதும் ஞாபகம் வந்தது. 12 மணித் தொடரைத் திங்கள் முதல் வெள்ளி வரை ரெக்கார்ட் போட்டு வைத்தால் வெள்ளிக்கிழமை எபிசோட் மட்டும் விழுவதே இல்லை. திங்கள்கிழமைக்கு வேற எதையோ பிடித்து வைத்திருக்கும். செட்டாப் டப்பா கெட்டுப்போச்சா?

பிறை_பாலம்
டப்பாவில் கோளாறு இல்லை. சென்னை வெள்ளி இரவு 9:30 என்பது இங்கே சனிக்கிழமை 12:00. நாம் பேச்சுவழக்கில் "வெள்ளி ராத்திரி பன்னிரண்டு" என்போம், டப்பாவுக்குத் தேதி மாறிவிட்டது. திங்கள் 12:00 என்று நீங்கள் கொடுத்தது சென்னையின் ஞாயிறு இரவு 9:30. அங்கே அப்போது தொடர் இல்லை, படமோ சிறப்பு நிகழ்ச்சியோ ஓடும்.

செய்யவேண்டியது:
சென்னையில் திங்கள்–வெள்ளி ஓடும் தொடர் என்றால், செவ்வாய்–சனி என்று போடுங்கள்.
திங்கள்–சனி என்றால், செவ்வாய்–ஞாயிறு.
முன்னால் 5 நிமிடம், பின்னால் 10 நிமிடம் கூடுதலாக வையுங்கள்.

அந்தப் பத்து நிமிடம் ஏன் என்றால், திரையில் வரும் நிகழ்ச்சி அட்டவணை பெரும்பாலும் சில நாட்களுக்கு முன்பே ஏற்றப்பட்டது. நேரலை இழுத்துக்கொண்டு போனால் அலைவரிசையில் எல்லாம் தள்ளிப்போகும், அட்டவணை அப்படியே நிற்கும். "இப்போது – அடுத்து" என்று காட்டும் தகவலும் ஏழு நாள் அட்டவணையும் தனித்தனியாக அனுப்பப்படுபவை. முன்னதை உடனுக்குடன் திருத்தினாலும், நேரத்தைப் பார்த்துப் பதிவு செய்கிற டப்பா பழைய மணிக்கே நிறுத்திவிடும். கடைசிக் காட்சி போயே போச்சு. பெயரைத் தேர்ந்தெடுத்துத் தொடர் முழுவதையும் பதியச் சொல்லும் வசதி இருந்தால் அதையே எடுங்கள், நாள் கணக்கு பார்க்கவேண்டாம். ஆனால் அட்டவணையில் பெயரை ஒரு எழுத்து மாற்றி ஏற்றினாலும் அது தவறவிடும்.

செந்தூல்_சந்து
கேள்விக்கு வருவோம். ஓடுகிறதா ஓடவில்லையா என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? ஒருவர் வியாழக்கிழமை வந்த டிஆர்பி பட்டியலைப் போட்டு, "பாருங்க, நம்ம தொடர் பெயரே இல்லை, ஃப்ளாப்" என்கிறார்.

கணக்குப்பிள்ளை
அந்தப் பட்டியலில் நம் தொடர் எந்தக் காலத்திலும் வராது. அது இந்தியாவில் டிவி பார்வையாளரை அளக்கும் பார்க் (BARC) அமைப்பு போடுவது. சனி முதல் வெள்ளி வரை ஒரு வாரம் எடுத்து, வியாழக்கிழமை வெளியிடுவார்கள். நிகழ்ச்சி ஒலியில் காதுக்குக் கேட்காத குறியைப் பொதிந்து, தேர்ந்தெடுத்த இந்திய வீடுகளில் உள்ள கருவி அதைப் பிடிக்கிறது. கோலாலம்பூர் வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மலேசியாவில் நீல்சன் நிறுவனம் அளக்கும் மாதிரி வீடுகள் தனி. கட்டணத் தொலைக்காட்சியான ஆஸ்ட்ரோ பக்கம் டப்பாவிலிருந்து திரும்பி வரும் தரவை வைத்துக் காந்தார் நிறுவனம் செய்யும் அளவீடு தனி.

எண்ணைப் படிக்கத் தெரியாமல்தான் பாதிச் சண்டை நடக்கிறது. நான்கு வீடு, 30 நிமிட நிகழ்ச்சி என்று வையுங்கள். முதல் வீடு முழுதாக 30 நிமிடம் பார்த்தது. இரண்டாவது 15. மூன்றாவது பார்க்கவில்லை. நான்காவது 15. மொத்தம் 60 நிமிடம். நான்கு வீடும் முழுக்கப் பார்த்திருந்தால் 120. ஆகவே ரேட்டிங் 50 சதவீதம். ஆனால் எட்டிப் பார்த்த வீடுகள் மூன்று, அதாவது 75 சதவீதம். விளம்பரப் போஸ்டரில் எந்த எண்ணைப் போடுவார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

புதுத் தொடருக்கு நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியை. எட்டிப் பார்த்தவர் நிறைய, ரேட்டிங் குறைவு என்றால் ப்ரோமோ தன் வேலையைச் செய்திருக்கிறது, கதை ஆளை நிறுத்தவில்லை. எட்டிப் பார்த்தவர் குறைவு, வந்தவர்கள் கடைசிவரை இருந்தார்கள் என்றால் கதை நன்றாக இருக்கிறது, ஸ்லாட்டோ ப்ரோமோவோதான் தப்பு. முதல் வகைக்கு நேரம் மாற்றிப் பயனில்லை. இரண்டாவது வகையை மாற்றலாம், ஆனால் நல்ல ஸ்லாட்டுக்கு மாற்றவேண்டும்.

முதல் எபிசோட் எண்ணை வைத்துத் துள்ளவும் வேண்டாம், அழவும் வேண்டாம். அது ப்ரோமோவின் எண். ஆறாவது எபிசோடை முதலாவதால் வகுத்துப் பாருங்கள். திங்கள்–வெள்ளித் தொடரில் ஆறாவது என்பது இரண்டாம் வாரத் திங்கள். ஒரு சனி ஞாயிறு தாண்டியும் ஞாபகம் வைத்துத் திரும்பி வந்தவர்கள்தான் உண்மையான ரசிகர்கள்.

ஸ்லாட்_மாஸ்டர்
கடைசி வரிக்கு முழு ஆதரவு. ஆனால் டப்பாத் தரவை அப்படியே நம்பிவிடாதீர்கள். டிவியை அணைத்துவிட்டு டப்பாவை அப்படியே விட்டுப் போகிற வீடு எத்தனை! டப்பா விடியவிடிய "பார்த்துக்கொண்டிருக்கும்". அதை வெட்டி எடுக்க விதிகள் வைத்திருப்பார்கள், ஆனாலும் நள்ளிரவு எண்களில் கொஞ்சம் உப்பு கூடுதலாகவே இருக்கும். பார்ப்பது பாட்டியா பேரனா என்பதும் டப்பாவுக்குத் தெரியாது.

கணக்குப்பிள்ளை
சரி. மாதிரி வீட்டு முறையில் ஆள் தெரியும், ஆனால் நம் கூட்டம் சிறியது. நாட்டு மக்களில் இந்தியர் 7 சதவீதத்துக்கும் குறைவு. உதாரணத்துக்கு மாதிரியில் 100 தமிழ் வீடு, அதில் 20 வீடு பார்த்தது என்று வையுங்கள். பிழை வரம்பு இரண்டு பக்கமும் ஏறக்குறைய 8. உண்மை 12-ஆகவும் இருக்கலாம், 28-ஆகவும் இருக்கலாம். "போன வாரம் 22, இந்த வாரம் 18, சரிந்தது" என்று அலறுவதில் அர்த்தமில்லை. நாலு வாரச் சராசரி எடுத்தால்தான் பேச்சு. மூன்றாவது வாரத்திலேயே தூக்கியிருக்கிறார்கள் என்றால், எண் பார்த்து எடுத்த முடிவாக எனக்குத் தோன்றவில்லை. அவசரம் வேறு எங்கிருந்தோ வந்திருக்கிறது.

மாமாக்_மேசை
எண்ணெல்லாம் இருக்கட்டும். முகநூல் பக்கத்தில் 800 கருத்து வந்த தொடர் ஃப்ளாப் ஆகுமா?

ரிமோட்_ராணி
ஆகும் தம்பி. 800-ல் எத்தனை கருத்து கதையைப் பற்றி?

ஸ்லாட்_மாஸ்டர்
கருத்துகளைப் படிக்க ஒரு முறை உண்டு. "சூப்பர்", "வாழ்த்துகள்", இதயப் படம், நடிகரின் சொந்தக்காரர் போடுவது, குலுக்கல் பரிசுக்காகப் போடுவது, இவற்றையெல்லாம் தனியாக ஒதுக்குங்கள். மிஞ்சுவதில் பாத்திரத்தின் பெயர் சொல்லித் திட்டும் கருத்தை எண்ணுங்கள். "இந்த மாமியாரை எப்போ சாகடிப்பீங்க" என்பது தங்கக் கருத்து. நடிகையின் பெயர் சொல்லிப் பாராட்டுவது வெள்ளி. "எத்தனை மணிக்குப் போடுறீங்க?" என்று ஒளிபரப்பு தொடங்கிய பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தால் ப்ரோமோவில் நேரம் சரியாகத் தெரியவில்லை, யாரோ வேலையைச் செய்யவில்லை. "மறு ஒளிபரப்பு எப்போ?" என்று கேட்பவர் பார்க்க ஆசைப்படுகிறார், ஸ்லாட் அவருக்கு ஒத்துவரவில்லை. இந்த இழையில் பேசுகிற தொடரின் பக்கத்தில் கடைசி வகைதான் அதிகம் என்றால் கதையைக் குறை சொல்லாதீர்கள்.

இன்னொன்று. கோலாலம்பூரில் சாயங்கால மழை அடித்தால் செயற்கைக்கோள் தட்டு சிக்னல் போய்விடும். அந்த வாரம் திட்டுகள் எல்லாம் தொடர் மேல் விழும். மறுநாள் பகலில் மறு ஒளிபரப்பு இல்லாத தொடருக்கு இது பெரிய ஓட்டை.

சுங்கைபட்டாணி_வெள்ளி
பட்டியல் போடுகிறவர்கள் கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கை மட்டும் மனதில் வைத்துப் போடுகிறார்கள். எங்கள் கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு எங்களுக்கு வேலை நாள். பாட்டுப் போட்டி இறுதிச் சுற்றை ஞாயிறு இரவு வைத்தால் எங்களுக்கு அது வேலை முடிந்து வந்த களைப்பில் பார்ப்பது. பாலத்துக்கு அந்தப் பக்கம் பினாங்குக்காரர்களுக்கு அன்று விடுமுறை. சனி இரவு வைத்தால் அவர்களுக்கு மறுநாள் லீவு, எங்களுக்கு வேலை. இரண்டு பக்கத்துக்கும் ஒத்துவருவது வெள்ளி இரவு மட்டும்தான்: மறுநாள் சனி எல்லாருக்கும் ஓய்வு.

ஸ்லாட்_மாஸ்டர்
நல்ல குறிப்பு. ஆனால் வெள்ளி இரவு கோலாலம்பூரில் வெளியே சாப்பிடப் போகிற இரவு. எட்டரைக்கு வீடு காலி, பத்துக்கு மேல்தான் திரும்புவார்கள். எல்லாருக்கும் ஒத்த ஸ்லாட் என்று ஒன்று கிடையாது.

பத்துமலை_272
விழாக் கணக்கை யாரும் சொல்லவில்லையே. தைப்பூச நேரலைக்கு நேரம் குறித்து முடிக்கவே முடியாது. ரதம் தண்ணீர்ப்பந்தலுக்குப் பந்தல் நிற்கும், அர்ச்சனை, தேங்காய். பினாங்கில் 2017 முதல் தங்க ரதமும் வெள்ளி ரதமும் இரண்டு, தெருவெல்லாம் தேங்காய் மலை. எத்தனை மணிக்குத் திருப்பம் தாண்டும் என்று ரதம் இழுப்பவருக்கே தெரியாது. நேரலைக்குப் பின்னால் புதுத் தொடரின் முதல் எபிசோடை வைத்தால் அது 9:00-க்குப் பதில் 9:40-க்கு வரும், பதிவு போட்டவர் எல்லாரும் ரதத்தைத்தான் பதிந்திருப்பார்கள். நேரலைக்குப் பின்னால் பாட்டுத் தொகுப்பு மாதிரி எங்கே வேண்டுமானாலும் வெட்டக்கூடியதைப் போடவேண்டும். அது பஞ்சு மாதிரி, இழுத்த அளவுக்கு நீளும், அமுக்கினால் சுருங்கும்.

ஸ்லாட்_மாஸ்டர்
தீபாவளிக்கும் இதே. அந்த வாரம் முழுக்கப் படமும் சிறப்பு நிகழ்ச்சியும் வழக்கமான ஸ்லாட்டைச் சாப்பிட்டுவிடும். அதனால் பின்னாலிருந்து எண்ணுவார்கள். 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. 20 எபிசோட் தொடர் அக்டோபர் 30 வெள்ளிக்குள் முடியவேண்டும் என்றால் அக்டோபர் 5 திங்கள் தொடங்கியாக வேண்டும். ஒரு வாரம் பிந்தினால் கடைசி ஐந்து எபிசோட் தீபாவளி வாரத்தில் மாட்டும். அப்போது மூன்று வழி: நாளுக்கு இரண்டு எபிசோட் சேர்த்து ஓட்டுவது, ஒரு வாரம் நிறுத்தி வைப்பது, பின்னிரவுக்குத் தள்ளுவது. மூன்றுமே கதையைக் கொல்லும். அதில் குறைவாகக் கொல்வது முதலாவது.

செந்தூல், உங்கள் தொடர் எந்த மாதத்தில் மாறியது, மொத்தம் எத்தனை எபிசோட் என்று பாருங்கள். பதில் அங்கேயே இருக்கலாம்.

மாமாக்_மேசை
சரி, அதே ப்ரோமோவை ஒரு மணி நேரத்தில் நாலு தடவை போட்டுக் கொல்கிறார்களே, அதுவும் திட்டமா?

பிறை_பாலம்
திட்டமில்லை, ஓட்டை அடைப்பது. இங்கே நேரடியாக வரும் சென்னை அலைவரிசையில் அதன் விளம்பர இடைவேளையை உள்ளூர் விளம்பரத்தால் மூடும்போது நடப்பது இது. சென்னை இடைவேளை 240 விநாடி. உள்ளூரில் விற்றது 30 விநாடி விளம்பரம் ஐந்து, 150 விநாடி. மிச்சம் 90 விநாடி, அதாவது மூன்று ப்ரோமோ. மணிக்கு மூன்று இடைவேளை என்றால் ஒன்பது ப்ரோமோ. கையில் இருப்பது இரண்டு ப்ரோமோ மட்டும் என்றால் ஒவ்வொன்றும் நாலைந்து முறை. விளம்பரம் விற்காத அலைவரிசையில்தான் ப்ரோமோத் தொல்லை அதிகம்.

இடைவேளை தொடங்குகிறது, முடிகிறது என்று சொல்ல ஒளிபரப்போடு ஒரு குறிச் செய்தி வரும், எஸ்சிடிஇ-35 என்று பெயர். அது வராவிட்டாலோ பிந்தினாலோ, சென்னை நகைக்கடை விளம்பரம் இரண்டு விநாடி எட்டிப் பார்த்துவிட்டு நம் விளம்பரம் விழும். திரும்பும்போது பிந்தினால் வசனத்தின் முதல் வரி போய்விடும். "என்ன சொன்னே நீ?" என்று நாயகி கத்துவது கேட்கும், அவன் என்ன சொன்னான் என்பது கேட்காது.

ரிமோட்_ராணி
😂 இதைத்தான் நான் எழுத்தாளர் தப்பு என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

செந்தூல்_சந்து
பார்த்தேன். 26 எபிசோட். மாறிய திங்கள்கிழமை அதே 9:00 மணிக்கு ஒரு நடனப் போட்டி தொடங்கியிருக்கிறது, திரையில் பெரிய ஸ்பான்சர் பெயரோடு. கருத்துகளையும் ஸ்லாட்_மாஸ்டர் சொன்னபடி பிரித்தேன். நேரம் மாறிய பிறகு வந்தவற்றில் முக்கால்வாசி "மறு ஒளிபரப்பு எப்போ". ஸ்டேஷனுக்கு எழுதலாமா? எழுதினால் என்ன எழுதுவது?

கணக்குப்பிள்ளை
எழுதுங்கள். "பழைய நேரத்துக்கே மாற்றுங்கள்" என்று எழுதாதீர்கள், ஸ்பான்சர் காசு கொடுத்த ஸ்லாட்டை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். கிடைக்கக்கூடியதைக் கேளுங்கள்: மறுநாள் மதியம் மறு ஒளிபரப்பு. மதிய ஸ்லாட் மலிவு, பெரும்பாலும் பழைய சரக்கு ஓடுவது. தொடர் பெயர், எபிசோட் எண், தேதி, மணி, எந்த ஊர், வீட்டில் எத்தனை பேர் பார்க்கிறார்கள், ஆறே வரி போதும். பத்துப் பேர் ஒரே கடிதத்தை நகலெடுத்து அனுப்பினால் ஒன்றாகத்தான் எண்ணுவார்கள், அவரவர் வார்த்தையில் எழுதவேண்டும். மலேசிய உள்ளடக்க மன்றத்துக்கு எழுதுங்கள் என்று யாராவது சொல்வார்கள். அது ஆபாசம், வன்முறை, தவறான தகவல் மாதிரி உள்ளடக்கப் புகாருக்கு. நேரம் பிடிக்கவில்லை என்பதற்கு அங்கே வேலையில்லை.

சுங்கைபட்டாணி_வெள்ளி
மதியம் எத்தனை மணி கேட்கலாம்? இரண்டா, மூன்றா?

ஸ்லாட்_மாஸ்டர்
ஒன்றரை. பெரியவர்கள் சாப்பிட்டு முடித்து, தூங்கப் போவதற்கு முன். மூன்று மணி ஆனால் சென்னையின் பன்னிரண்டரை மணித் தொடர் வந்துவிடும்.